மாமனார் வீட்டுக்கு ஐ-95 நெடுஞ்சாலை வழியாகக் காரில் போகிறோம்: திஷா பாவ் நோன்புக்கு முன்னால் போய்ச் சேரலாமா, முடிந்தபின் கிளம்பலாமா?

எடிசன் அப்பா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இங்கே யூதக் குடும்பத்தில் பெண் எடுத்தவர்கள், கொடுத்தவர்கள், இல்லையென்றால் அவர்களோடு நெருங்கிப் பழகியவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

என் மனைவி யூதர். நான் மதம் மாறவில்லை, அவரும் கேட்கவில்லை. பிள்ளைகள் இருவரையும் யூதர்களாகத்தான் வளர்க்கிறோம். பெண்ணுக்குப் பன்னிரண்டு முடியப் போகிறது, அடுத்த வசந்தத்தில் பாத் மிட்ஸ்வா, அதாவது மதக் கடமைகளை ஏற்கும் வயதுக்கு வந்ததற்கான சடங்கு. பையனுக்கு ஏழு வயது. வீட்டில் கோஷர் சமையல், அதாவது யூத உணவு விதிப்படி, பால் பாத்திரம் தனி, இறைச்சிப் பாத்திரம் தனி. வெளியே போனால் சைவம், மீன் என்று சமாளித்துக்கொள்வோம். மாமனார் மாமியார் எங்களைவிடக் கட்டுப்பாடாக இருப்பவர்கள். ஷபாத் என்ற ஓய்வு நாளில், வெள்ளி சாயங்காலம் விளக்கேற்றிய பிறகு சனி இருட்டும்வரை கார் எடுக்க மாட்டார்கள், போன் எடுக்க மாட்டார்கள். புரூக்ளினில் வாழ்ந்தவர்கள், ஓய்வுக்குப் பிறகு ஃபுளோரிடாவில் பாய்ன்டன் பீச் பக்கம் முதியோருக்கான குடியிருப்பு ஒன்றில் இருக்கிறார்கள். இதுவரை அவர்கள்தான் ஒவ்வொரு கோடையிலும் எங்களிடம் வருவார்கள். இப்போது மாமனாரால் விமானம் ஏறி அலைய முடியவில்லை, நடையும் குறைந்துவிட்டது. அதனால் இந்த முறை நாங்கள் போகிறோம். நியூஜெர்சி எடிசனிலிருந்து ஏறத்தாழ 1200 மைல். விமானத்தில் போகலாம்தான். ஆனால் பிள்ளைகள் வழியில் நாலு இடம் பார்க்கட்டும், சாப்பாட்டுப் பெட்டியும் கூடவே வரட்டும் என்று மனைவி காரில் போக ஆசைப்படுகிறார், எனக்கும் அதுதான் பிடித்திருக்கிறது.

இப்போது கேள்வி. எங்கள் இருவருக்கும் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்திருப்பது ஜூலை 18 முதல் ஆகஸ்ட் 5 வரை. இந்த 2026-ல் திஷா பாவ் ஜூலை 22 புதன் சாயங்காலம் தொடங்கி 23 வியாழன் இரவு முடிகிறது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: எருசலேமின் முதல் ஆலயமும் இரண்டாம் ஆலயமும் இடிந்ததை நினைத்து நோன்பு இருக்கும் நாள் இது. தண்ணீர்கூடக் குடிக்காமல் ஒரு முழு இரவும் பகலும் இருப்பார்கள். அதற்கு முன்னால் வரும் ஒன்பது நாட்களில் ஷபாத் தவிர மற்ற நாளில் இறைச்சி கிடையாது, திராட்சை ரசம் கிடையாது, ஆசைக்கு நீச்சலும் கிடையாது.

எனக்கு இரண்டு வழிதான் தெரிகிறது. ஒன்று, 19 ஞாயிறு காலை கிளம்பி, 22 புதன் மதியத்துக்குள் போய்ச் சேர்ந்து, நோன்பு நாளை அவர்களோடு கழித்து, அடுத்து வரும் ஷபாத், அப்புறம் ஒரு வாரம் என்று தங்குவது. இரண்டு, எல்லாம் முடியட்டும் என்று ஷபாத்தையும் வீட்டிலேயே கழித்து 26 ஞாயிறு கிளம்பி, 28 போய்ச் சேர்ந்து, ஆகஸ்ட் 2 ஞாயிறு திரும்புவது. முதலாவதில் தாத்தா பாட்டியோடு நாள் அதிகம். ஆனால் பையன் நீச்சல்குளம், நீச்சல்குளம் என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருக்கிறான், போய் இறங்கியதும் துக்க நாளில் உட்காரவைத்தால் தாத்தா வீடு என்றாலே அவனுக்கு அதுதான் நினைவில் நிற்குமோ என்று கவலையாக இருக்கிறது. மனைவி "நீங்களே யோசித்துச் சொல்லுங்கள்" என்கிறார், அவருக்கு அவர் அப்பா விஷயத்தில் தள்ளி நின்று யோசிக்க முடியவில்லை என்பது எனக்குப் புரிகிறது.

வழியில் சாப்பாடு, நிறுத்த வேண்டிய இடங்கள், அந்த வீட்டுச் சமையலறையில் நான் என்ன செய்யலாம் என்ன செய்யக் கூடாது, இவற்றையும் சொன்னால் நல்லது.

---

பால்டிமோர் அக்கா எழுதியது:

தம்பி, சாப்பாட்டு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். நான் வேலை பார்ப்பது பால்டிமோரை அடுத்த பைக்ஸ்வில் பக்கம், சுற்றிலும் மத விதிகளைக் கட்டுப்பாடாகப் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் யூதக் குடும்பங்கள், பல வருடமாக அவர்கள் வீட்டு முதியவர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. ஐ-95-லிருந்து பால்டிமோர் சுற்றுச்சாலைக்கு வந்து ரைஸ்டர்ஸ்டவுன் ரோட்டில் இறங்கினால் செவன் மைல் மார்க்கெட் இருக்கிறது, கடை முழுக்கக் கோஷர், அமெரிக்காவிலேயே பெரிய கோஷர் சூப்பர்மார்க்கெட்டுகளில் ஒன்று. சனிக்கிழமை மூடியிருக்கும், நீங்கள் ஞாயிறு வருவதால் சிக்கல் இல்லை. இங்கேயே ஐஸ்பெட்டியை நிரப்பிக்கொள்ளுங்கள். ரிச்மண்டைத் தாண்டிவிட்டால் வட கரோலினா, தென் கரோலினாவில் நெடுஞ்சாலை ஓரமாகக் கோஷர் சாப்பாட்டுக்கடையை நம்பி வண்டி ஓட்ட முடியாது.

அதற்காகப் பயப்படவும் வேண்டாம். சாதாரண பெட்ரோல் நிலையக் கடையிலேயே பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், வட்டத்துக்குள் ஆங்கில யூ எழுத்து இருந்தால் ஆர்த்தடாக்ஸ் யூனியன் சான்று. பக்கத்தில் டி என்று போட்டிருந்தால் பால் சேர்ந்தது. ஓரியோ பிஸ்கட்டுக்கே 1997-லிருந்து சான்று உண்டு. வெட்டாத முழுப் பழத்துக்குச் சான்றே தேவையில்லை. ஒன்பது நாளில் இறைச்சி இல்லை என்பது நமக்குக் கஷ்டமே இல்லையே, உங்கள் வீட்டுக் கோஷர் சமையலறையில் செய்த புளிசாதம், எலுமிச்சை சாதம், இட்லி மிளகாய்ப்பொடி இரண்டு நாள் தாங்கும். தயிர்சாதத்தை முதல் நாளே முடித்துவிடுங்கள்.

மாமியார் சமையலறையைப் பற்றிக் கேட்டீர்கள். எங்கள் பாட்டி மடி பார்த்த மாதிரி என்று நினைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும்: கேட்காமல் எதையும் தொட வேண்டாம். எந்தக் கரண்டி எந்தப் பக்கம் என்று அவரே சொல்லட்டும். நீங்கள் சமைக்க ஆசைப்பட்டால் அடுப்பை அவர் பற்றவைக்கட்டும். யூதர் அல்லாதவர் சமைத்ததைக் குறித்து அவர்களுக்கு ஒரு விதி இருக்கிறது, வீட்டு ஆள் அடுப்பைப் பற்றவைத்துக் கொடுத்தால் பெரும்பாலான அஷ்கனாஸி (ஐரோப்பிய வழி வந்த யூத) குடும்பங்களில் அது தீர்ந்துவிடும். உங்கள் மாமியாரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பெருங்காயத்தில் மாவு கலந்திருக்கும், சான்று உள்ளதாக வாங்குங்கள் அல்லது விட்டுவிடுங்கள். கறிவேப்பிலை, கொத்தமல்லி கொண்டுபோனால் ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பார்கள், மனம் கோணாதீர்கள், பூச்சி தின்னக் கூடாது என்பது அவர்களுக்குப் பெரிய விஷயம். வெள்ளி இரவு கோழி இருக்கும், அந்த மேசைக்கு நெய்யோ தயிரோ போகக் கூடாது. எண்ணெயில் தாளித்த ரசம் போகலாம். நான் ஒரு வீட்டில் வைத்துக் கொடுத்திருக்கிறேன், அந்தப் பாட்டி இன்றுவரை ஜலதோஷம் பிடித்தால் அதைத்தான் கேட்கிறார்.

எப்போது போவது என்பது உங்கள் குடும்ப விஷயம், ஆனாலும் என்னைக் கேட்டால் முதல் வழிதான். எண்பதைத் தாண்டிய மனிதர்களோடு கூடுதலாக ஆறு நாள் கிடைக்கிறது என்றால் அதை விடக் கூடாது. என் வேலையில் இதைத்தான் தினமும் பார்க்கிறேன்.

---

அட்லாண்டா மாப்பிள்ளை எழுதியது:

நான் இதில் வேறு கருத்து உள்ளவன், கோபப்படாமல் கேளுங்கள். என் மனைவியும் யூதர், அவர்கள் வீடு ரிஃபார்ம் என்ற சீர்திருத்தப் பிரிவின் பக்கம், எங்களுக்கு இத்தனை கட்டுப்பாடு கிடையாது. ஆனால் ஏழு வயதுப் பையனின் மனசு எனக்குத் தெரியும். மூன்று நாள் காரில் அடைந்து கிடந்து, வந்து இறங்கியதும் பெரியவர்கள் எல்லாரும் தரையில் உட்கார்ந்து, தோல்செருப்பு போடாமல், ஒருவருக்கொருவர் வணக்கம்கூடச் சொல்லாமல் இருக்கிற வீட்டைப் பார்த்தால் குழந்தை மிரண்டுபோகும். அம்மா பசியோடு சோர்ந்து கிடப்பார். நீங்கள் ஒருவரே இரண்டு பிள்ளைகளையும் பார்க்க வேண்டும், வெளியே ஜூலை மாத ஃபுளோரிடா வெயில், மதியமானால் இடியும் மழையும். நீச்சல்குளம் ஜன்னலுக்கு வெளியே தெரியும், இறங்கக் கூடாது. இது தேவையா?

28-ம் தேதி போங்கள். 29 புதன்கிழமை து பஆவ், ஆவ் மாதத்துப் பதினைந்தாம் நாள், பௌர்ணமியை ஒட்டி வரும் சந்தோஷமான நாள் அது. குளத்தில் இறங்கலாம், கோழி வறுக்கலாம், பாட்டு போடலாம். ஆம், பாட்டு! உங்கள் மாமனார் வீட்டுப் பழக்கப்படி திஷா பாவுக்கு முந்தைய மூன்று வாரமும் பாட்டுக் கேட்பதைத் தவிர்ப்பார்கள், உங்கள் மனைவியும் அப்படித்தான் என்றால் 1200 மைலும் பாட்டில்லாமல் ஓட்ட வேண்டும். குழந்தைகளோடு. யோசித்துப் பாருங்கள்.

நாள் கம்மியானாலும் சிரித்த முகமாகப் போகிற நாள் என்றால் அதுதான் குழந்தைகளைத் திரும்பத் திரும்ப அந்த வீட்டுக்கு இழுக்கும் என்பது என் அனுபவம்.

---

மீனாட்சி சவானா எழுதியது:

வழியில் எங்கே நிறுத்துவது என்பதற்கு நான் பதில் சொல்கிறேன், பிறகு தேதிக்கு வருகிறேன். எழுத ஆரம்பித்தால் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள், இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

சவானாவில் நிறுத்துங்கள். ஐ-95-லிருந்து விலகிப் போவது கொஞ்ச தூரம்தான். மான்டெரி சதுக்கத்தில் மிக்வே இஸ்ரேல் என்ற சினகாக், அதாவது யூதர்களின் வழிபாட்டுக்கூடம், இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் கோதிக் பாணி தேவாலயம் மாதிரி இருக்கும், உங்கள் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். 1878-ல் கட்டிய கட்டடம். சபை அதைவிட மிகப் பழையது. ஜார்ஜியா குடியேற்றம் தொடங்கிய அதே 1733-ல், சில மாதங்களிலேயே, ஜூலை மாதம் லண்டனிலிருந்து ஒரு கப்பல் நாற்பதுக்கும் மேற்பட்ட யூதர்களோடு வந்து இறங்கியது. பெரும்பாலோர் போர்ச்சுகலில் கத்தோலிக்கத் திருச்சபை நடத்திய மத விசாரணைக்கு (இன்குவிசிஷன்) தப்பி லண்டன் வந்தவர்கள். லண்டனில் இருந்தபடி ஜார்ஜியாவை நிர்வகித்த அறங்காவலர்களுக்கு இவர்கள் வருவதில் விருப்பமில்லை. ஆனால் அப்போது சவானாவில் காய்ச்சல் பரவி ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள், வந்தவர்களில் சாமுவேல் நுனெஸ் என்ற மருத்துவர் இருந்தார், அவர் வைத்தியம் பார்த்துக் காப்பாற்றினார், குடியேற்றத்தின் தலைவர் ஓகில்தார்ப் இவர்களைத் தங்கவிட்டார். அவர்கள் கப்பலில் கொண்டுவந்த தோரா (யூத வேதம்) சுருள் இன்னும் அங்கே இருக்கிறது. ஜார்ஜ் வாஷிங்டன் அந்தச் சபைக்கு எழுதிய கடிதமும் உண்டு. வார நாட்களில் சுற்றிக்காட்டுவார்கள், போகும் முன் நேரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் சென்னைக்காரி என்பதால் இதில் என்னைத் தொட்ட ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அந்தக் கப்பலுக்குப் பணம் திரட்டியது லண்டனில் பெவிஸ் மார்க்ஸ் சினகாக்கைச் சேர்ந்த போர்ச்சுகீசிய யூதச் சமூகம். அதே லண்டன் சமூகத்தைச் சேர்ந்த வணிகர்கள்தான் அதற்கு முன்னும் பின்னும் நம் மதராஸோடு வியாபாரம் செய்தார்கள். மத்தியதரைக் கடல் பவளத்தை அங்கே கொண்டுபோய் விற்று, கோல்கொண்டா வைரத்தை வாங்கிப் போனார்கள். சென்னை ஜார்ஜ் டவுனில் பவளக்காரத் தெரு இன்னும் இருக்கிறது. 1688-ல் மதராஸ் மாநகராட்சி தொடங்கியபோது நியமிக்கப்பட்ட ஆல்டர்மேன்களில், அதாவது மன்ற உறுப்பினர்களில், மூன்று பேர் யூத வணிகர்கள். லாயிட்ஸ் சாலையில் சிறியதாக ஒரு யூதக் கல்லறை இருக்கிறது, நான் சின்ன வயதில் அதைக் கடந்து போயிருக்கிறேன், என்னவென்று தெரியாமல். உங்கள் பெண் அப்பா பக்கம் தமிழ், அம்மா பக்கம் யூதம் என்று இரண்டையும் சுமக்கிறவள். அந்த சினகாக்கில் நின்று அவளிடம் இதைச் சொல்லுங்கள், அவளுடைய இரண்டு பக்கமும் முன்பே ஒரு துறைமுகத்தில் சந்தித்திருக்கிறது என்று.

அங்கிருந்து தெற்கே போகும்போது செயின்ட் அகஸ்டினில் இரவு தங்குங்கள். அங்கே காஸ்டிலோ தே சான் மார்கோஸ் கோட்டை இருக்கிறது, 1672-ல் ஸ்பெயின்காரர்கள் கட்டத் தொடங்கியது, கிளிஞ்சல்கள் இறுகிப்போன கல்லால் ஆனது, பையனுக்குப் பீரங்கிகள் போதும். ஆனால் பெண்ணுக்கு அதைக் கதையோடு இணைத்துச் சொல்லலாம். 1740 வாக்கில் ஸ்பெயின் படை ஃபுளோரிடாவிலிருந்து சவானா மேல் பாயும் என்ற பயம் வந்தபோது, அந்தப் போர்ச்சுகீசிய யூதர்களில் பெரும்பாலோர் ஊரைவிட்டே போய்விட்டார்கள். ஸ்பெயின் வந்தால் மத விசாரணையும் வரும் என்று அவர்களுக்குத் தெரியும், உயிரோடு எரித்ததைக் கண்ட தலைமுறை. ஒரு நாள் சவானா, மறுநாள் அந்தக் கோட்டை என்று பார்த்தால் அவர்கள் ஏன் ஓடினார்கள் என்பது பன்னிரண்டு வயதுக்கு நன்றாகவே புரியும்.

சார்ல்ஸ்டனையும் சொல்வார்கள், அதுவும் அருமைதான். ஆனால் ஐ-95-லிருந்து ஐம்பது மைல் விலகல், போகும்போது அவசரத்தில் வேண்டாம், திரும்பும்போது வைத்துக்கொள்ளுங்கள். கஹால் கதோஷ் பேத் எலோஹிம் என்ற சபை 1749-ல் தொடங்கியது, அமெரிக்காவில் ரிஃபார்ம் யூதம் முளைத்த இடம். 1838 தீயில் பழைய கட்டடம் போய், இப்போதுள்ள கிரேக்கத் தூண் வைத்த கட்டடம் 1841-ல் திறந்தது. அதில் ஆர்கன் என்ற இசைக்கருவியை வைக்கலாமா கூடாதா என்ற சண்டையில் சபையே இரண்டாகப் பிரிந்தது. இன்னொன்றையும் மறைக்காமல் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: அந்த அழகான கட்டடத்தை எழுப்பியதில் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களின் உழைப்பு இருக்கிறது. எகிப்தில் அடிமையாக இருந்தோம் என்று ஒவ்வொரு பெஸாக் (பஸ்கா) பண்டிகையிலும் சொல்கிற குடும்பம், அந்த இடத்தில் இதைப் பேசாமல் கடந்து போகக் கூடாது என்று நினைக்கிறேன்.

இப்போது தேதி. அட்லாண்டா மாப்பிள்ளை சொன்னதில் நியாயம் இருக்கிறது, ஆனாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். திஷா பாவுக்கு அடுத்த ஷபாத் எது என்று பார்த்தீர்களா? ஜூலை 25. ஷபாத் நஹமு, ஆறுதலின் ஷபாத். அன்று ஏசாயா நாற்பதாம் அதிகாரம் வாசிப்பார்கள், "என் ஜனத்தை ஆற்றுங்கள், தேற்றுங்கள்" என்று தொடங்கும். அதே நாளில் வாசிக்கும் தோராப் பகுதியில்தான் பத்துக் கட்டளையும், கடவுள் ஒருவரே என்று யூதர்கள் தினமும் சொல்லும் ஷெமாவும் வருகின்றன. வீட்டில் உட்காரும்போதும் வழியில் நடக்கும்போதும் உன் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடு என்று ஷெமாவிலேயே இருக்கிறது. பாத் மிட்ஸ்வாவுக்குத் தயாராகிற பேத்தி, தாத்தாவோடு உட்கார்ந்து அந்த வரிகளைப் படிக்கக் கிடைக்கிற ஷபாத் இது. முந்தின நாள் வரை துக்கத்தில் இருந்தவர்கள் ஒன்றாக எழுந்து வருகிற ஷபாத். அந்த ஆறுதல் மட்டும் வேண்டும், புலம்பல் வேண்டாம் என்று 28-ம் தேதி போய் இறங்கினால் இரண்டுமே கிடைக்காது.

பையன் பயப்படுவான் என்பதை நான் அப்படியே ஏற்க மாட்டேன். அந்த வயதுப் பிள்ளைகள் நோன்பு இருக்க வேண்டியதே இல்லை, வேளாவேளைக்குச் சாப்பிடலாம். புதன் இரவு விளக்கைக் குறைத்துவிட்டு எல்லாரும் தரையில் உட்கார்ந்து வேதாகமத்தின் புலம்பல் நூலை மெல்லிய ராகத்தில் வாசிப்பார்கள். தாத்தா தரையில் உட்கார முடியாமல் தாழ்ந்த நாற்காலியில் இருப்பார், பக்கத்தில் பேரன் தரையில். முன்கூட்டியே இதைச் சொல்லிவைத்தால் குழந்தைகள் ரொம்ப மரியாதையாகக் கவனிப்பார்கள். நம் ஊரில் தாத்தா திவசத்தன்று பிள்ளைகள் சும்மா இருப்பதில்லையா?

---

டிரைவர் சார் ரிச்மண்ட் எழுதியது:

சாலை பற்றி மட்டும். ஞாயிறு விடியற்காலை ஐந்துக்கு எடிசனிலிருந்து கிளம்பினால் பைக்ஸ்வில் கடையில் எட்டு மணி வாக்கில் நிற்கலாம், கடை திறக்கும் நேரத்தை முன்பே பார்த்துவிடுங்கள். அங்கே நேரம் கடத்தாதீர்கள். வாஷிங்டனிலிருந்து ஃப்ரெட்ரிக்ஸ்பர்க் வரைக்கும் கோடை ஞாயிறுகளில் மதியத்துக்கு மேல் வண்டி நகராது. விரைவுப் பாதைகள் நேரத்துக்கு ஏற்ப திசை மாறும், எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று முதல் நாளே பாருங்கள், கட்டணமும் நெரிசலைப் பொறுத்து ஏறும். இரவு ரிச்மண்டில் தங்குங்கள். திங்கள் அன்று ரிச்மண்ட் முதல் சவானா, 470 மைல் வாக்கில், இதுதான் உங்கள் நீண்ட நாள். செவ்வாய் காலை சினகாக், மதியம் செயின்ட் அகஸ்டின். புதன் காலை கோட்டை திறந்ததும் பார்த்துவிட்டு பத்தரைக்குக் கிளம்பினால் மூன்று மணிக்குள் பாய்ன்டன் பீச். அங்கே அன்று சூரியன் மறைவது எட்டேகால் வாக்கில். நோன்புக்கு முன் கடைசிச் சாப்பாட்டுக்கு உங்கள் மனைவி அவர் அம்மா அப்பாவோடு மேசையில் உட்கார நேரம் இருக்கும். தண்ணீரைச் செவ்வாயிலிருந்தே நிறையக் குடிக்கச் சொல்லுங்கள், காரில் ஏசியில் உட்கார்ந்தால் தாகம் தெரியாது, அப்படியே நோன்புக்குப் போனால் தலைவலி வந்துவிடும்.

சுங்கக் கட்டணம் கட்ட உங்களிடம் உள்ள நியூஜெர்சி ஈ-இசட் பாஸ் கருவி ஃபுளோரிடா டர்ன்பைக் சுங்கச்சாலையிலும் வேலை செய்யும், தனியாக எதுவும் வாங்க வேண்டாம். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம், ஒரு நாள் தாமதமானால் என்ன செய்வது என்று யோசித்து வையுங்கள். முக்கியமாக, எந்தத் திட்டம் போட்டாலும் வெள்ளிக்கிழமை மதியம் சாலையில் இருக்கிற மாதிரி போடாதீர்கள். டயர் வெடித்தால்கூட ஷபாத் தவறிவிடும், அங்கே இரண்டு பெரியவர்கள் போனும் எடுக்க முடியாமல் வாசலைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள்.

பாட்டு இல்லாவிட்டால் என்ன, கதை போடுங்கள். என் பிள்ளைகளுக்குப் பொன்னியின் செல்வன் ஒலிநூலைத்தான் போட்டேன், புளோரிடா வந்ததே தெரியவில்லை.

---

எடிசன் அப்பா எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு உட்கார்ந்து எல்லாவற்றையும் மனைவிக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். பவளக்காரத் தெரு விஷயத்தை அவர் இரண்டு முறை கேட்டார், அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று எழுதி வைத்துக்கொண்டார்.

முதல் வழிதான். 19 ஞாயிறு கிளம்புகிறோம். முடிவு செய்ததற்குக் காரணம் ஒன்றுதான், அதை இங்கே சொல்லிவிடுகிறேன். எங்கள் திருமணத்தை மாமனார் ஏற்றுக்கொள்ள நாளாயிற்று. அவருடைய நம்பிக்கையில் அது எவ்வளவு பெரிய இழப்பு என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது, அதனால் எனக்கு அவர்மேல் கோபம் கிடையாது. பெண் பிறந்த பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் விளக்கேற்றும் முன் போன் செய்வார், போனிலேயே பிள்ளைகளை ஆசீர்வதிப்பார். பெண்ணுக்கு சாரா, ரெபேக்கா, ராகேல், லேயாள் போல் ஆகு என்று, பையனுக்கு எப்பிராயீம், மனாசே போல் ஆகு என்று. ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. தலையில் கை வைத்துச் செய்ய வேண்டியது அது. 24 வெள்ளி சாயங்காலம் அவர் அதைக் கை வைத்தே செய்யட்டும், இரண்டாம் வழியில் போனால் ஒரு வெள்ளிக்கிழமைதான் கிடைக்கும், இதில் இரண்டு கிடைக்கிறது.

பெண்ணிடம் கேட்டேன். ஷெமா வருகிற பகுதியைத் தாத்தாவோடு படிக்கிறேன் என்றாள், இப்போதே எடுத்து வைத்துவிட்டாள். பையனிடம் நீச்சல்குளம் வெள்ளிக்கிழமைக்குப் பிறகுதான், எப்போது இறங்கலாம் என்று தாத்தா சொல்வார் என்று விளக்கினேன். முகம் சுருங்கியது, பிறகு கோட்டையில் உண்மையான பீரங்கி இருக்குமா என்று கேட்டான். அட்லாண்டா மாப்பிள்ளை, நீங்கள் சொன்ன கவலையை நான் தள்ளிவிடவில்லை. வியாழன் பகலில் பிள்ளைகள் இருவரையும் நான் தனியாக வெளியே கூட்டிப் போய்ச் சாப்பிட வைத்து, அவர்கள் நோன்பு இருப்பவர்கள் முன்னால் சாப்பிட வேண்டிய சங்கடம் இல்லாமல் பார்த்துக்கொள்கிறேன். து பஆவ் அன்று அந்த வீட்டில் எல்லாரும் சேர்ந்து சந்தோஷமாகச் சாப்பிட ஏதாவது செய்ய வேண்டும், ரசம் என்று முடிவாகிவிட்டது, மாமியார் அடுப்பைப் பற்றவைப்பதாகச் சொல்லிவிட்டார்.

ஒரு கேள்வி மிச்சம். முதியோர் குடியிருப்பில் பேரப்பிள்ளைகள் இத்தனை நாள் தங்க அனுமதி வாங்க வேண்டுமா?

---

பால்டிமோர் அக்கா எழுதியது:

வாங்க வேண்டும் தம்பி, இப்போதே கேளுங்கள். 55 வயதுக்கு மேற்பட்டோர் குடியிருப்பு என்றால் சட்டப்படி எண்பது சதவீத வீடுகளிலாவது அந்த வயதுள்ள ஒருவர் வசிக்க வேண்டும், மற்றபடி விருந்தாளிகள் பற்றிய விதியை ஒவ்வொரு சங்கமும் தானே வைத்துக்கொள்ளும். பல இடங்களில் சின்னப் பிள்ளைகள் வருடத்துக்கு இத்தனை நாள்தான் தங்கலாம் என்று இருக்கும், குளத்தில் பிள்ளைகளுக்கென்று தனி நேரம் இருக்கும், கார் எண்ணை வாசல் காவலில் முன்பே பதிய வேண்டும். மாமனாரை அலையவிடாமல் மாமியாரிடம் அந்தச் சங்க அலுவலகத்தின் எண்ணை வாங்கி உங்கள் மனைவியே பேசட்டும். உங்கள் காரின் எண், நால்வர் பெயர், வரும் நாள், போகும் நாள் இவ்வளவும் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். புதன் மதியம் வாசலில் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க உங்களுக்கு நேரம் இருக்காது.

ஞாயிறு காலை பைக்ஸ்வில் வந்ததும் ஒரு தகவல் போடுங்கள், நான் அன்று வேலையில் இல்லை. பிள்ளைகளுக்கு முறுக்கு சுட்டுத் தருகிறேன் என்று சொல்ல ஆசைதான், ஆனால் என் சமையலறை கோஷர் இல்லை. கடையில் நல்ல பழமாகப் பார்த்து வாங்கி வைக்கிறேன்.